கடைகள் அடைத்த பிறகு லட்லோ: ஒரு பழைய ஆங்கிலச் சந்தை நகரத்தில் மாலை நடை

மே மாதக் கடைசியில் இங்கிலாந்துக்கு வருவதாகவும், பெருநகரங்களை விட்டு விலகிப் பழைய சந்தை நகரம் ஒன்றில் ஒரே ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க முடியும் என்றும், ஆனால் அந்த ஊர்களில் கடைகளெல்லாம் சீக்கிரமே மூடிவிடும் என்பதால் அதன் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். லட்லோவுக்குச் செல்லுங்கள் என்பது என் பதில். கடைகள் மூடும்வரை ஓரிடத்தில் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். மூடிய பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பகலில் இந்த ஊர்களின் தரைத்தளக் கடைகளும் பெயர்ப்பலகைகளும் நம் கண்ணைக் கீழேயே கட்டிப்போட்டுவிடுகின்றன. மாலை ஐந்தரைக்கு மேல் அவை இருண்டதும்தான் தலை தானாக நிமிர்கிறது. ஆங்கிலச் சந்தை நகரத்தின் உண்மையான வயது முதல் மாடிக்கு மேலேதான் தெரியும். கீழ்த்தளத்தைத் தலைமுறைக்கு ஒரு முறை கடைக்காரர்கள் இடித்து மாற்றிவிடுவார்கள், கூரைச் சரிவையும் முகட்டையும் புகைபோக்கியையும் தொட எவருக்கும் மனமும் வராது, பணமும் வராது. மேலும், மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் ஒன்பது மணியைத் தாண்டித்தான் மறையும். ஆறு மணிக்குப் புறப்பட்டால் மூன்று மணி நேர வெளிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. நான் சொல்லும் சுற்றோ ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான்.

லட்லோ, ஷ்ரொப்ஷர் கவுண்டியின் தென்கோடியில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் டீம் ஆறு வளைத்தோட, நடுவே எழும் குன்றின்மேல் ஊர். இரைச்சலோடு பாயும் நீரருகே உள்ள மேடு என்பதே பழைய ஆங்கிலத்தில் அதன் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். ஆற்றங்கரைக்கு இறங்கும்போது அந்தப் பெயரைக் காதால் கேட்பீர்கள். மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டியது. ஆனால் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அரசு பட்டியலிட்டுள்ள கட்டடங்கள் ஏறத்தாழ 500. ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் இடையிலான ரயில் பாதையில் ஊர் அமைந்திருப்பதால் இரு பக்கத்திலிருந்தும் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். லண்டனிலிருந்து நேரடி ரயில் இல்லை. வழியில் மாற வேண்டும்.

நடையைக் கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள காசில் ஸ்கொயரில் தொடங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் இந்தத் திறந்த வெளியில்தான் சந்தை கூடுகிறது. அந்த நாட்களில் வந்தால், மாலையில் கடைக்காரர்கள் துணிப் பந்தல்களைப் பிரித்து வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கலாம். ‘சந்தை நகரம்’ என்பதை வெறும் அடைமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் சந்தை கூட்ட முடியாது. அது அரசர் வழங்கும் உரிமை. அடுத்த சந்தை எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஹென்றி டி பிராக்டனின் பெயரால் வழங்கும் விதி அந்தத் தூரத்தை ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டு பங்கும் என்று வகுத்தது. ஒரு மனிதர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவு இருபது மைல் என்று கொண்டு, அதை மூன்றாகப் பிரித்தார்கள்: காலையில் சந்தைக்கு வர ஒரு பங்கு, நடுப்பகல் வாங்கவும் விற்கவும் ஒரு பங்கு, இருட்டுவதற்குள் திருடர் பயமின்றி வீடு திரும்ப ஒரு பங்கு. ஆகவே மாலையில் காலியாகும் சந்தை வெளி என்பது இந்த ஊரின் கணக்கிலேயே எழுதப்பட்ட ஒன்று.

இப்போது சதுக்கத்திலிருந்து கிழக்கே திரும்பிப் பாருங்கள். எதிரே கட்டடங்கள் கொத்துக் கொத்தாக வழியை மறித்து நிற்கும். அவற்றுக்கிடையே ஹார்ப் லேன், சர்ச் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று ஒடுங்கிய சந்துகள் ஓடும். இவை நகரை அமைத்தவர்கள் போட்ட தெருக்கள் அல்ல. தொடக்கத்தில் கோட்டை வாசலிலிருந்து குன்றின் மறுமுனையிலுள்ள புல் ரிங் வரை ஒரே நீண்ட அகலமான சந்தைத் தெருவாகவே இது இருந்தது. அதன் நடுவே வாரந்தோறும் பலகை போட்டவர்கள், போட்ட பலகையைப் பிறகு எடுக்காமல் விட்டார்கள். பலகைக்குமேல் கூரை வந்தது, கூரைக்குக் கீழே சுவர் வந்தது, சுவருக்குமேல் மாடி வந்தது. நாம் ஆக்கிரமிப்பு என்று சொல்வதேதான். நகராட்சியோ அதை இடிக்காமல் வாடகை வசூலித்துக்கொண்டது என்பதுதான் வேறுபாடு. சில நூற்றாண்டுகளில் சந்தை வெளியின் பெரும்பகுதி வீடுகளால் நிரம்பிவிட, எஞ்சிய இடைவெளிகளே இன்று நாம் நடக்கும் சந்துகள். எந்த ஆங்கிலச் சந்தை நகரத்துக்குச் சென்றாலும், நடுவில் கொல்லையோ தோட்டமோ இல்லாமல் நான்கு பக்கமும் தெருவைப் பார்த்து நிற்கும் நெருக்கமான கட்டடத் தீவு கண்ணில் பட்டால், அது ஒரு காலத்தில் சந்தைக் கடையாக இருந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். காசில் ஸ்கொயரிலேயே 1880களில் செங்கல்லில் கட்டிய ஒரு நகர மன்றம் நின்றது; 1986இல் அதை இடித்தார்கள். அதனால்தான் இந்த ஒரு மூலையிலாவது வானம் அகலமாகத் தெரிகிறது.

சந்து வழியாக வந்தால் பிராட் ஸ்ட்ரீட்டின் தலைமாட்டில் பட்டர் கிராஸ் என்ற தூண் வைத்த கட்டடம் நிற்கும். 1740களில் கட்டப்பட்டது; கீழே திறந்த மண்டபத்தில் வெண்ணெய் விற்றார்கள், மேலே மணிக்கூண்டு. அதை இப்போதைக்குக் கடந்து, பின்னால் உள்ள செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அந்த நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள், பரவாயில்லை. சுற்றிலும் வீடுகள் நெருக்கியிருப்பதால் கட்டடத்தை முழுமையாகப் பார்க்க ஓரிடமும் கிடைக்காது. அண்ணாந்து பார்த்தால் சுமார் 135 அடி உயரக் கோபுரம் மட்டும் திடீரென்று மேலே எழும். பத்தாயிரம் பேர்கூட அக்காலத்தில் இல்லாத ஊருக்கு இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வேல்ஸ் மலைகளிலிருந்து வந்த ஆட்டுரோமம்தான் விடை. ரோமத்திலும் துணியிலும் சம்பாதித்தவர்கள் ‘பாமர்ஸ் கில்டு’ என்னும் சமயச் சங்கத்தில் உறுப்பினராகி, தங்கள் ஆன்மாக்களுக்காகப் பாதிரியார்கள் வழிபாடு நடத்த வேண்டுமென்று பணத்தையும் வீடுகளையும் எழுதி வைத்தார்கள். இன்றைய கோபுரம் 15ஆம் நூற்றாண்டில் அந்தச் செல்வத்தில் எழுந்தது. தேவாலயத்தின் வடக்குச் சுவரருகே, ஷ்ரொப்ஷரைப் பாடிப் புகழ்பெற்ற கவிஞர் ஏ. ஈ. ஹவுஸ்மனின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. அவர் இந்தக் கவுண்டிக்காரர் அல்லர். பக்கத்து வோர்ஸ்டர்ஷரில் பிறந்து, மேற்கு அடிவானத்தில் தெரிந்த ஷ்ரொப்ஷர் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்.

புல் ரிங்கில் அதிக நேரம் செலவிட வேண்டாம். காளையைக் கட்டி நாய்களை ஏவிவிடும் கேளிக்கை நடந்த இடம் என்பதை, ‘காளை வளையம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே சொல்கிறது. 1835இல் அதைச் சட்டம் தடை செய்தது. அங்கே நின்று ‘ஃபெதர்ஸ்’ விடுதியின் முகப்பை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் தனக்காகக் கட்டிக்கொண்ட மரச்சட்டக வீடு, பிற்பாடு விடுதியானது. கறுப்பு மரமும் வெள்ளைப் பூச்சுமாக அதன் நெற்றி முழுவதும் வேலைப்பாடு. அழகுதான், ஆனால் எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படும். கட்சிக்காரர்களின் கண்ணில் படவேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் செய்த செலவு என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பவும் பட்டர் கிராஸுக்கு வந்து பிராட் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். ஆற்றை நோக்கிச் சரியும் இந்தத் தெருவுக்காகவே லட்லோவைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லலாம். இரு பக்கமும் சிவப்புச் செங்கல் முகப்பு, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் உயரமான சன்னல்கள், வெள்ளை வாசல் நிலைகள் என எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் ஒழுங்கில் நிற்கும். அந்த ஒழுங்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டு வீடுகளுக்கு இடையே சந்து கிடைக்கும் இடத்தில் பக்கவாட்டுச் சுவரையோ கூரைச் சரிவையோ எட்டிப் பாருங்கள்: செங்கல் முகத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகள் மூத்த மரச்சட்டம் கோணலாகத் தலைகாட்டும். மனைகளின் அமைப்பு அதைவிடப் பழையது. தெருவைப் பார்த்துக் குறுகலாகவும் பின்னால் மிக நீளமாகவும் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் அளந்து கொடுத்த மனைகளில்தான் இன்றும் பெரும்பாலான வீடுகள் நிற்கின்றன.

இந்தத் தெரு ஏன் இப்படியே பிழைத்தது என்பதற்கு ஊரின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். வேல்ஸையும் எல்லைப்புறக் கவுண்டிகளையும் நிருவகித்த எல்லைப்புற ஆட்சிமன்றம் இங்குள்ள கோட்டையில் அமர்ந்து வழக்குகளை விசாரித்த காலத்தில், வழக்கறிஞர்களும் எழுத்தர்களும் வழக்காட வந்தவர்களுமாக ஊர் நிரம்பியிருந்தது. 1689இல் மன்றத்தைக் கலைத்தார்கள். அதன்பின் சுற்றுவட்டாரப் பண்ணையார் குடும்பங்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் நாகரிக ஊராக லட்லோ மாறியது. தோல் கையுறைத் தொழிலும் கொஞ்ச காலம் கைகொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் கையுறைத் தொழில் நொடித்தது, 1852இல் ரயில் வந்தும் பெரிய ஆலைகள் வரவில்லை. பழைய வீட்டுக்குப் புது முகம் வைக்கும் அளவுக்கு ஒரு தலைமுறையிடம் பணம் இருந்ததும், மொத்தமாக இடித்துக் கட்டும் அளவுக்கு அடுத்த தலைமுறைகளிடம் இல்லாமல் போனதும்தான் இந்தத் தெருவைக் காப்பாற்றின என்பது என் கணிப்பு. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது அந்த ஊரார் பட்ட நெருக்கடி.

தெருவின் அடியில் பிராட்கேட் என்ற வாயில் குறுக்கே நிற்கும். நகர மதிலில் இருந்த ஏழு வாயில்களில் இது ஒன்றுதான் எஞ்சியது. 13ஆம் நூற்றாண்டு வாயிலின் தலைமேல் பிற்காலத்து வீடு ஒன்று உட்கார்ந்திருப்பதால் முதல் பார்வையில் அதை வாயில் என்றே உணர மாட்டீர்கள். வளைவுக்குள் நுழைந்து வெளியேறியதும் வீடுகள் சட்டென்று சிறுத்துவிடும். மதிலுக்கு வெளியே ஆற்றோரம் துணி துவைத்து இறுக்கும் ஆலைகளும் அவற்றில் உழைத்தவர்களின் குடியிருப்பும் இருந்தன. இருபது அடி நடையில் ஒரு சமூகத்தின் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வந்துவிடுகிறோம்.

அடுத்தது லட்ஃபோர்ட் பாலம். இதன்மேல் மாலையில் நிற்கும்போதெல்லாம் 1459 அக்டோபர் 12ஆம் நாள் இரவு எனக்கு நினைவுக்கு வரும். ஆங்கில அரியணைக்காக அரச குடும்பத்தின் இரு கிளைகள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களின் தொடக்க ஆண்டுகள் அவை. யார்க் கோமகன் ரிச்சர்டின் படை இந்தப் பாலத்தை ஒட்டி அகழி வெட்டி நின்றது. எதிரே ஆறாம் ஹென்றி மன்னரே படையோடு வந்திருந்தார். ஆண்ட்ரூ ட்ரோலப் தலைமையில் அப்போது ஆங்கிலேயர் வசமிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான கலேயிலிருந்து வந்த அனுபவமிக்க வீரர்கள் இரவோடிரவாக மன்னர் பக்கம் தாவிவிட, கோமகனும் கூட்டாளிகளும் போரிடாமலேயே இருட்டில் நழுவினார்கள். கோமகனின் மனைவி செசிலியும் இளைய பிள்ளைகளும் ஊரில் விடப்பட்டார்கள். விடிந்ததும் மன்னர் படை ஊரைச் சூறையாடியது.

பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கம் சாலையோரப் பாறை முகம் ஒன்று தெரியும். எவரும் நின்று பார்ப்பதில்லை, நீங்கள் நில்லுங்கள். லட்ஃபோர்ட் கார்னர் எனப்படும் இந்த இடத்தில் மீன் முட்களும் செதில்களும் செறிந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. 1830களில் ராடரிக் மர்ச்சிசன் இந்த வட்டாரப் பாறைகளை ஆராய்ந்து, பூமியின் வரலாற்றில் சிலூரியன் என்ற காலப்பிரிவை வகுத்தார். அதன் ஒரு பகுதிக்கு உலகெங்கும் நிலவியலாளர்கள் இன்று வழங்கும் பெயர் லட்லோ என்பதே. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் ஊர்ந்த சிலந்தி இனத்து உயிரிகளின் தடயங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. நிலவாழ் விலங்குகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் அவை அடங்கும். சுத்தியலோ உளியோ கூடாது, இது பாதுகாக்கப்பட்ட இடம்.

இங்கிருந்து வலப்பக்கமாக ஆற்றோரம் பிரெட்வாக் என்ற பாதை ஒயிட்கிளிஃப் குன்றின் அடிவாரத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வேலையிழந்தவர்களைக் கொண்டு இந்தப் பாதையை வெட்டினார்களாம். காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று கூலியை ரொட்டியாகக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் வழக்கு. தர்மம் செய்பவர்களுக்கு எந்த நாட்டிலும் இந்தச் சந்தேகம் இருக்கும்போலும். ஒரு பக்கம் பாறையும் மரங்களும், மறுபக்கம் கீழே ஆறு. மழை பெய்திருந்தால் வழுக்கும், விளக்கும் கிடையாது. ஆகையால் எட்டரை மணிக்குள் இந்தப் பகுதியைக் கடக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குன்றின்மேல் சற்று ஏறி ஊரைத் திரும்பிப் பார்த்தால், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாயும் மேற்கு வெயில் ஆற்றைத் தாண்டிக் கோட்டைச் சுவரில் முழுமையாக விழும். பகலில் சாம்பல் நிறமாக இருந்த கல் அப்போது பழுத்த தானிய நிறமாகும். அந்த நேரத்தில் உள்ளே செல்ல முடியாத கோட்டையை முழுமையாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த சில பத்தாண்டுகளிலேயே, 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், டி லேசி குடும்பம் கட்டத் தொடங்கியது இது. வேல்ஸ் இளவரசர் பட்டம் பெற்ற அரச வாரிசுகளை இங்கே தங்கவைப்பது பின்னர் வழக்கமானது. குழந்தையாக வந்து பன்னிரண்டு வயதுவரை இங்கே வளர்ந்த ஓர் இளவரசருக்கு, தந்தை இறந்து தாம் ஐந்தாம் எட்வர்ட் மன்னரானார் என்ற செய்தி 1483 ஏப்ரலில் இந்தச் சுவர்களுக்குள்தான் வந்தது. அவர் லண்டனுக்குப் புறப்பட்டார். முடிசூட்டு நடக்கவில்லை, லண்டன் டவரில் தம்பியோடு மறைந்துபோனார்.

அதைவிடவும் விளைவு பெரிதான சம்பவம் 1501ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், ஸ்பெயின் நாட்டு இளவரசி கேதரினை மணந்து இங்கே குடித்தனம் நடத்த வந்தார். இருவருக்கும் வயது பதினைந்து, பதினாறு. 1502 ஏப்ரல் 2ஆம் நாள் ஆர்தர் நோயில் இறந்தார். விதவையான கேதரினைப் பிற்பாடு மணந்தவர் ஆர்தரின் தம்பி எட்டாம் ஹென்றி. ஆண் வாரிசு வேண்டி அவரை விலக்க முனைந்தபோது, முதல் கணவரோடு கேதரின் உண்மையில் மணவாழ்வு நடத்தினாரா என்ற கேள்வி 1529இல் விசாரணை மன்றத்தின் முன் வந்து நின்றது. இல்லை என்றே கேதரின் கடைசிவரை சொன்னார். போப்பாண்டவர் மணத்தை ரத்து செய்ய மறுக்க, இங்கிலாந்தின் திருச்சபையே ரோமிலிருந்து பிரிந்தது. அந்த நான்கு மாதக் குடித்தனத்தின் கூரையற்ற அறைகளைத்தான் நீங்கள் ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பாதை டின்ஹாம் பாலத்தில் முடியும். தடுப்பணையில் நீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால், வழியில் டின்ஹாம் ஹவுஸ். நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட் கைதியாக 1811இல் கொஞ்ச காலம் அங்கே வைக்கப்பட்டிருந்தார். அதே 1811இல்தான், அரச உடைமையாக இருந்த பாழடைந்த கோட்டையை எட்வர்ட் கிளைவ் என்ற போவிஸ் பிரபு விலைக்கு வாங்கினார். இந்தப் பெயர் நமக்கு அந்நியமானதல்ல. ராபர்ட் கிளைவின் மூத்த மகன் இவர்; இருபது ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தார். 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டதும், அதே 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் இவருடைய ஆட்சிக் காலத்தில்தான். லட்லோவுக்கு அருகே ஓக்லி பார்க்கில் பிறந்த இவருடைய மனைவி ஹென்றியெட்டா, 1800ஆம் ஆண்டில் இரு மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டையும் தஞ்சாவூரையும் சுற்றிவந்து நாட்குறிப்பு எழுதியவர். கோட்டை இன்றும் போவிஸ் பண்ணையின் உடைமை. கோட்டையைச் சுற்றி மதிலடியில் ஓடும் நடைபாதையில் பொதுமக்கள் நடக்கலாம். நான் அதில் நடக்கும்போது ஆர்தரைவிடக் கயத்தாறையே அதிகம் நினைத்திருக்கிறேன். ஊரில் எந்தப் பலகையும் அதை நினைவூட்டி நான் பார்த்ததில்லை.

அந்த நடைபாதை உங்களை மீண்டும் காசில் ஸ்கொயருக்கே கொண்டுவந்து சேர்க்கும். சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற ஊர்தான், 1995 முதல் செப்டம்பர்தோறும் உணவுத் திருவிழா நடத்துகிறார்கள். ஆயினும் இந்த அளவு ஊர்களில் பல சமையலறைகள் ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடும் என்பதால், நடைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள் அல்லது மேசைக்குச் சொல்லி வையுங்கள். ரயில் நிலையம் சதுக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை, பெரும்பாலும் இறக்கம். கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு முறை பாருங்கள்.